பெயருக்குக் கீழே ஒரு வரி

மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும், ஐஸ் பெட்டியின் மேல் சரிந்திருந்த மாலையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மாணிக்கவேலின் கை அப்படியே நின்றது.

டக். டக்கு டக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் டக்.

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அடங்கிப்போனார்கள். வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவர் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார். தெருவுக்கே பழகிய சத்தம் அது. மாணிக்கவேலின் தம்பி பாலு கம்ப்யூட்டரில் வேலை செய்கிற சத்தம். அந்தப் பாலுதான் கண்ணாடி மூடிக்குக் கீழே, நெற்றியில் காசு ஒட்டி, தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டி, மல்லாந்து கிடந்தான்.

"இன்னா சம்பந்தி, தம்பி டியூட்டிய இன்னும் முடிக்கலையா?" என்று சடையப்பன் தணிந்த குரலில் கேட்டார்.

சடையப்பனுக்குப் போளூரில் அரிசி மண்டி. மாணிக்கவேலின் மகள் ராதிகாவுக்கு மாமனார். துக்கத்துக்கு வந்தவர், மாடிப்படி ஓரமாகக் கிடந்த மாணிக்கவேலின் மரநாற்காலியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிக்குச் சொல்லியாச்சா, கம்பெனியிலிருந்து மாலை வருமா. போளூரில் ஒரு பேங்க்காரர் போனபோது ஆபீஸிலிருந்து ஆள் உயரத்துக்கு மலர்வளையம் வந்ததாம். உள்ளூர் பேங்க்குக்கே அப்படியென்றால் அமெரிக்கா கம்பெனி சும்மாவா இருக்கும் என்றார்.

மாணிக்கவேல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். மேலே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். அனுப்பியவரே அவர்தான்.

அனுப்பியதற்குக் காரணம் போஸ்டர். ஆரணியில் ஒரு மனிதன் கண்ணை மூடினால் பொழுது சாய்வதற்குள் அவன் முகம் கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் வீட்டுக்கு எதிர்ச்சுவரிலும் ஏறிவிட வேண்டும். போட்டோவுக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே அவன் இன்னார் என்று ஒரு வரி. அந்த வரியில்தான் ஒரு குடும்பத்தின் மரியாதை இருக்கிறது. மாணிக்கவேலின் அப்பா போனபோது 'பட்டு ஜவுளி உற்பத்தியாளர்' என்று போட்டார்கள். பெரியப்பா போனபோது 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்'. பாலுவுக்கு 'கம்ப்யூட்டர் இன்ஜினியர், அமெரிக்கன் கம்பெனி' என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அச்சகத்துக்காரன் சதீஷ் திருப்பிக் கூப்பிட்டு, கம்பெனி பேரையும் சேர்த்துப் போட்டால் எடுப்பாக இருக்கும், அது என்ன பேர் என்று கேட்டான்.

மாணிக்கவேலுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. அதனால்தான் மகன் தீனாவைக் கூப்பிட்டு, மேலே போய் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் பார்த்து வா என்று அனுப்பினார். போனவன் பேரைக் கொண்டுவரவில்லை. பொணத்தை வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

படியில் ஏறும்போது அவருக்குக் காலை நினைவு வந்தது. வழக்கமாகச் சத்தம் தொடங்கும் நேரம் தாண்டியும் மேலே அரவமில்லை. நாற்காலியில் இருந்தபடியே அவர் குரல் கொடுத்தார். "இன்னா பாலு, மேல சத்தத்தக் காணோம்?" பதில் வராததால் இரண்டாம் முறை சற்றுக் கடுமையாகவே கேட்டார். பிறகு பாலுவின் மனைவி திலகவதி காபி டம்ளருடன் மேலே போனாள். டம்ளர் படியில் உருண்டு வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, விடியும்போதே உயிர் போயிருக்கும், இருதயம் நின்றிருக்கிறது என்றார். மேஜையில் தலை சாய்த்தபடி இருந்தானாம். அப்படியென்றால் தான் அதட்டியது யாரை என்ற கேள்வி அப்போது எழுந்தது. வேலைகள் இருந்தன. அதை அவர் தள்ளி வைத்துவிட்டார்.

மாடியறைக்குத் தகரக் கூரை. பகல் முழுவதும் குடித்த வெயிலை அது உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்த ஒரே ஜன்னலில் பலகை அடித்திருந்தது. அடிக்கச் சொன்னவர் மாணிக்கவேல். பாலு வேலை பார்த்த சென்னைக் கம்பெனியை மூடிவிட்டதும், அவன் பெட்டியோடும் ஒரு பழைய கீபோர்டோடும் வந்து இறங்கிய புதிதில், தெருக்காரர்கள் "லீவா?" என்று கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். அடுத்த வாரம் "சும்மா இருக்கானா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் மாணிக்கவேல் பயந்தார். சும்மா இருக்கிற ஆண்பிள்ளை அந்த வீட்டில் பிறந்ததில்லை. தச்சனைக் கூப்பிட்டு ஜன்னலை மூடினார். வேலை கிடைக்கும்வரை பகலில் தெருவில் தலைகாட்டாதே என்று தம்பியிடம் சொன்னார். அவன் சரிண்ணா என்றான். எதற்கும் சரிண்ணா என்பவன்தான் அவன்.

ஆறு மாதமோ என்னவோ கழித்து மேலேயிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. கையகலத் தறிக்கட்டை தட்டுவதுபோல் ஒழுங்கான சத்தம். அமெரிக்கா கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே டைப் அடித்துத் தரும் வேலை கொடுத்திருக்கிறது என்றான். மாணிக்கவேல் அன்று தெருமுனை வரை நடந்துபோய், நின்ற இடத்திலெல்லாம் அதைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. காதால் கேட்டதைத்தான் சொன்னார். முள்ளிப்பட்டில் அவரிடம் பாவு நூல் வாங்கி நெய்கிற வீடுகளுக்குப் போகும்போது அவர் உள்ளே நுழைந்து பார்ப்பதுகூட இல்லை. தெருவில் நின்று காது கொடுத்தால் போதும். எந்தத் தறி ஓடுகிறது, எது இழை அறுந்து நிற்கிறது என்று சொல்லிவிடுவார். தறிச் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் வேலை நடக்கிறது. பாவு இல்லாத வெறுந்தறியை யாரும் மிதிக்க மாட்டார்கள், அது வீட்டுக்கு ஆகாது. அதனால் தறி பொய் சொல்லாது. மேலே கேட்ட சத்தத்தையும் அவர் அதே காதால்தான் கேட்டார்.

தீனா தரையில் உட்கார்ந்திருந்தான். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவன். மடியில் அந்தக் கீபோர்டு, கையில் கழற்றிய ஒரு பட்டன். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"கீழ பொணம் கெடக்குது. இங்க இன்னா வெளாட்டு?"

"வெளாட்டு இல்லப்பா. பேரு பாக்கறதுக்குள்ள சித்தி ஒரு பட்டன் கேட்டாங்க. சித்தப்பா கைல வெச்சி அனுப்பணுமாம்."

பிளாஸ்டிக்கையா, ஊர் சிரிக்காதா என்றார் மாணிக்கவேல். வெற்றிலைச் செல்லம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், மூக்குப்பொடி டப்பா வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பட்டன் வைத்து அனுப்பியதாக இந்த ஊரில் பேச்சு இல்லை. தீனா பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்து முழுவதும் தேய்ந்து, நடுவில் விரல் படிந்த குழி மட்டும் பளபளத்தது.

"சின்ன வயசுலருந்து இந்த சத்தத்தக் கேட்டுகினேதாம்பா தூங்குவேன். இதுல இன்னா ஸ்விட்ச்சு இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா டவுட்டு. டக்குனு சத்தம் போடற ப்ளூ ரகம்னு நெனச்சிகினு இருந்தேன். போன பொங்கலுக்கு வந்தப்போ, ஒரே ஒரு பட்டன் கழட்டிப் பாக்கட்டுமா சித்தப்பான்னு கேட்டேன். தொட விடல. 'நான் போன பொறவு பார்றா'ன்னு சிரிச்சாரு."

அவன் குரல் உடைந்தது. மாணிக்கவேல் கதவருகிலேயே நின்றார். மகன் அழுது முடிக்கட்டும் என்று அவரும் கீபோர்டைப் பார்த்தார். பட்டன் போன இடத்தில் ஒரு குழாய் போன்ற பள்ளம், அதற்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று நட்டுவைத்ததுபோல் நின்றது.

தீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். அப்பாவிடம் சொல்கிறானா தனக்கே சொல்லிக்கொள்கிறானா என்று தெரியவில்லை. பட்டனைக் கழற்றினால் அடியில் இருப்பதை வைத்து வகை தெரியுமாம். கூட்டல் குறிபோல ஒரு குச்சி நின்றால் ஒரு வகை. நீளவாக்கில் பிளவு இருந்தால் இன்னொன்று. ரப்பர் குமிழ் இருந்தால் சாதாரண ரகம், சத்தமே வராது. இதில் இந்த மூன்றும் இல்லை. வெறும் ஸ்பிரிங். இப்போது வருகிற கீபோர்டுகளில் இதைப் பார்ப்பதே அபூர்வமாம்.

"அழுத்துனா இந்த ஸ்பிரிங் வளையும்பா. ஒரு அளவு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல முடியாம டபக்குனு மடங்கிக்கும். மடங்கறப்போ பக்கத்துல போயி இடிக்குது பாருங்க, அந்த இடிதான் சத்தம். விரல எடுத்தா மறுபடி நிமிந்து நின்னுக்கும்."

பட்டனைப் பொருத்தி, ஒரு முறை அழுத்திக் காட்டினான். டக்.

கீழே பெண்கள் மறுபடி அடங்குவது கேட்டது.

"கரண்ட்டு இல்லாமயா?" என்றார் மாணிக்கவேல்.

"சத்தத்துக்கு எதுக்குப்பா கரண்ட்டு? கம்ப்யூட்டரே வேணாம். ஒயர் மாட்டாட்டியும் வரும்."

சொல்லிவிட்டு அவனே ஒருமுறை நிமிர்ந்து மேஜையைப் பார்த்தான். பூப்போட்ட துணி மூடிய பழைய மானிட்டர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நாலு மூலைக்கும் தூசி படிந்த ஒரு சதுரம் மட்டும் இருந்தது. தீனா கீபோர்டைக் கவிழ்த்தான். பின்னாலிருந்து வந்த தடித்த ஒயர் சீராகச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, அடியில் செருகியிருந்தது. முனையில் பழங்காலத்துப் பெரிய உருண்டை பின். அதில் தூசி ஏறிக் கறுத்திருந்தது.

"அப்பா," என்றான் தீனா. "இது எதுலயும் மாட்டியே இல்லியே."

மாணிக்கவேல் ஒயரைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த நூலைப் பார்த்தார்.

பட்டு நூல். கத்திரிப்பூ நிறம், சாய்த்துப் பிடித்தால் செம்பு ஓடும். அந்த நிறத்தை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு பாவுக்குத்தான் தோய்க்கச் சொல்லியிருக்கிறார். ராதிகாவின் முகூர்த்தச் சேலைக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டும் சாயக்காரனால் அந்தக் கலப்பைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. சேலையைத் தறியிலிருந்து அறுத்த அன்று மிஞ்சிய இழைகளை அவரே கொண்டுவந்து கூடத்து ஆணியில் மாட்டியிருந்தார்.

ராதிகாவின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

"இது எப்போ கட்டுனது?" என்று கேட்டார். மகனைக் கேட்கவில்லை. அறை வாசலில் திலகவதி வந்து நின்றிருந்தாள். பொணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து வரக் கூடாதவள். கீழே அதற்கொரு முணுமுணுப்பு ஓடியது. எப்போதும்போல் நிலைக்குப் பின்னால் பாதி மறைந்துதான் நின்றாள். அவள் அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் கணவனின் அண்ணனுக்கு நேரெதிரே நின்று பேசியதில்லை.

"பட்டன் எடுத்துட்டியாப்பா?" என்று தீனாவைத்தான் கேட்டாள். அவன் கவிழ்ந்து கிடந்த கீபோர்டைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மாணிக்கவேல் மறுபடியும் கேட்டார். குரல் அவர் நினைத்ததைவிட மெதுவாக வந்தது.

"சேல அறுத்த அன்னிக்கிதான் மாமா."

அதற்குமேல் அவள் சொல்ல மாட்டாள் என்று நினைத்தார். சொன்னாள். அழாமல், யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னாள். கம்பெனி வேலை அந்த வாரத்தோடு நின்றுபோனதாம். பாலு அதைச் சொல்லிவிடத்தான் அன்று கீழே இறங்கி வந்தான்.

"சேல பாக்க போளூர்க்காரங்க வந்திருந்தாங்க. நீங்க அவரக் கைப்புடிச்சி நிறுத்தி, 'இவந்தான் என் தம்பி, அமெரிக்கா கம்பெனி'ன்னீங்க. அவரு கும்புடு போட்டாரு. மறுபடி மேல ஏறிட்டாரு. கம்ப்யூட்டரும் அதே மாசம் ரிப்பேராயி, நீங்க காஞ்சிபுரம் போயிருந்தப்போ பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டோம். இத்த மட்டும் போட மாட்டேன்னாரு."

மாணிக்கவேலுக்கு அந்த மாலை அப்படியே தெரிந்தது. கூடத்தில் விரித்த சேலை. பாலுவின் கும்பிட்ட கை. அப்போது தம்பி எதற்காக இறங்கி வந்தான் என்று அவர் கேட்கவில்லை. இறங்கி வந்த நேரம் நல்ல நேரம் என்று மட்டும் நினைத்தார்.

"அப்போ இவ்ளோ நாளும்?" என்றான் தீனா. "சித்தி, அவ்ளோ நாளும் சித்தப்பா இன்னாதான் அடிச்சிகினு இருந்தாரு?"

"மொதல்ல ஏதாச்சும் நெனச்சி அடிப்பாரு. அப்புறம் வெரலு போன போக்கு. கீழ கேக்கணுமில்ல." அவள் தகரக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "மழ புடிச்சிக்கிச்சின்னா நிறுத்திடுவாரு. தகரத்து சத்தத்துல எதுவும் கீழ கேக்காதில்ல. அன்னிக்கிதான் அவருக்கு லீவு. கால நீட்டிப் படுத்துக்குவாரு."

சாப்பாட்டுச் செலவுக்கு வழி என்ன செய்தீர்கள் என்று மாணிக்கவேல் கேட்கவில்லை. திலகவதி கடைக்காரர்களுக்குச் சேலைக் குஞ்சம் முடிந்து கொடுத்தது அவருக்குத் தெரியும். பொழுது போகாமல் செய்கிறாள் என்று எண்ணியிருந்தார். ஒரே சமையல், ஒரே அடுப்பு. கூட்டுக் குடும்பத்தில் கேட்காமல் இருப்பதைத்தான் அவர் பெருந்தன்மை என்று வைத்திருந்தார்.

"ஒரு வார்த்த எங்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"எங்க சொல்றது மாமா? நீங்க படியண்டதானே உக்காந்துகினு இருப்பீங்க."

குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. கீழே யாரோ திலகா திலகா என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பி இறங்கிப் போனாள். தீனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கீபோர்டை நிமிர்த்தி மேஜையில் வைத்தான். பட்டனை மறுபடி கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை எடுத்து மேஜையில் வைத்தான். வைத்துவிட்டுப் போனான்.

மாணிக்கவேல் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பலகை. பலகையின் இடுக்கில் நூல் கனத்துக்கு ஒரு வெளிச்சம். அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவரில் ஒரு சாண் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. இடப்பக்கம் மாடிப்படி. அங்கிருந்து குனிந்து பார்த்தால் கீழே கூடத்தில் ஒரே ஒரு பொருள்தான் கண்ணில் பட்டது, படியோரத்து மரநாற்காலி. அதில் இப்போது சடையப்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முழங்காலைத் தாண்டாமல் யாரும் இறங்க முடியாது. வீட்டைக் கட்டியபோது காற்று வரும் என்றுதான் மாணிக்கவேல் நாற்காலியை அங்கே போட்டார். இத்தனை வருடமும் அது காற்று வரும் இடமாகத்தான் இருந்தது.

இறங்கிப் போனால் சம்பந்தி கம்பெனி பேர் கேட்பார். ஏதாவது ஒரு பேரைச் சொல்லலாம். தீனாவின் கம்பெனி பேரையே சொல்லலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். இதுவரை சொன்னதெல்லாம் கேட்டதைச் சொன்னது. இந்த நிமிடத்துக்குப் பிறகு சொன்னால் அது பொய். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அந்தத் தெருவில் பொய் சொன்னவர்கள் என்று பேர் வாங்கியதில்லை. சரி, உள்ளதைச் சொல்லலாம் என்றால், கீழே கண்ணாடிக்குள் கிடப்பவனை ஊர் நடுவில் நிறுத்தி, சும்மா இருந்தவன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ராதிகா அந்தச் சொல்லைப் போளூரில் ஆயுசுக்கும் சுமப்பாள். இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. அனல் தலைக்கு மேல் இறங்கியது. முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார், அது பழக்கம்.

"சம்பந்தி?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னா மேல சத்தத்தக் காணோம்?"

மாணிக்கவேலின் கை தானாக மேஜைக்குப் போனது. விரல் ஒரு பட்டனை அழுத்தியது. டக். இன்னொன்றை. டக்கு டக். கீழே நாற்காலி கிரீச்சிட, சடையப்பன் சரி சரி என்பதுபோல் சாய்ந்துகொள்வது கேட்டது. ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார், வேலையாக இருக்கிறார் என்று யாரிடமோ சொன்னார்.

மாணிக்கவேல் விரலை எடுத்துக்கொண்டார். எடுத்த விரலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. சதீஷ். எல்லாம் தயாராக இருக்கிறது, பெயருக்குக் கீழே கம்பெனி பேர் வந்தால் மெஷினில் ஏற்றிவிடலாம், ஜல்தியாகச் சொன்னால் நல்லது, பசைக்கார ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான்.

"ஒண்ணும் போடாத," என்றார் மாணிக்கவேல்.

"கம்பெனி பேரு வேணாங்களா? சரிங்க, இன்ஜினியர்னு மட்டும் போட்டுடறேன்."

"அதுவும் வேணாம்."

"ஒண்ணுமேவா? எடம் வெறுமனே நிக்குமேங்க. 'சமூக சேவகர்'னு போட்டுடட்டா? யாருக்கும் ஒண்ணும் தோணலன்னா அதத்தான் போடறோம்."

"நிக்கட்டும்."

"இல்லைங்க, பாக்கறவங்க நாங்க விட்டுட்டோம்னு நெனப்பாங்க..."

"எடம் அப்படியே நிக்கட்டும். பேருக்கு மட்டும் எழுத்து பெருசாப் போடு."

போனை மடியில் வைத்தார். பிறகு மேஜையிலிருந்த தேய்ந்த பட்டனை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு படியிறங்கினார். சடையப்பன் காலை மடக்கவில்லை. அது மடங்கும்வரை மாணிக்கவேல் கடைசிப் படியிலேயே நின்றார். பிறகு கடந்து போனார்.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பாடையில் வைத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பிள்ளையில்லாதவனுக்குப் பிள்ளையாகத் தீனா ஈர வேட்டியோடு நின்றான். பெண்கள் முறை வந்தபோது மாணிக்கவேல் திலகவதியின் பக்கத்தில் போய், யாருக்கும் தெரியாமல் கையை நீட்டினார். அவள் அதிலிருந்ததைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, முகம் துடைப்பவர்போல அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கும் பாடைக்கும் நடுவில் முதுகு காட்டி நின்றார். அந்தத் துண்டு மறைவில் திலகவதி கணவனின் வலது கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வைத்தாள். மூடினாள். விரல்கள் மறுபடி பாதி விரிந்துகொண்டன. மாணிக்கவேல் குனிந்து தன் கையால் அவற்றை அழுத்தி மூடி, மூடியபடியே கொஞ்சம் பிடித்திருந்தார்.

பறை முழங்க, பாடை வாசலைத் தாண்டியது. தெருவில் பகல் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. எதிர்ச்சுவரில் போஸ்டர் ஏறியிருந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பாலு கும்பிட்ட கையோடு சிரித்தான். கீழே பெரிய எழுத்தில் பெயர். அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு வரி அகலத்துக்கு இடம். அதற்கும் கீழே, வருந்தும் குடும்பத்தார்.

சடையப்பன் மாணிக்கவேலின் பக்கத்தில் நடந்து வந்தார். போஸ்டரை அண்ணாந்து பார்த்து நின்றார்.

"இன்னா சம்பந்தி, கம்பெனி பேர விட்டுட்டானே? இந்த பிரஸ்காரனுங்களே இப்பிடித்தான், அவசரத்துல தப்புப் பண்ணிடறானுங்க."

"தப்பு இல்ல. நான்தான் சொன்னேன்."

சடையப்பன் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார். மாணிக்கவேலின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்.

மாணிக்கவேல் சுவர் பக்கம் ஒதுங்கினார். பெயருக்குக் கீழேயிருந்த வெள்ளை இடத்தில் காகிதம் சரியாக ஒட்டாமல் காற்றடைத்து, பட்டன் போல மேலெழும்பி நின்றது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பசை காயாத காகிதம் சத்தமில்லாமல் அமுங்கியது. விரலை எடுத்ததும் மெதுவாக மறுபடி எழும்பியது.